இயாய்டோவா, கெண்டோவா, பாய் வெட்டும் பயிற்சியா?

ஜப்பானிய வாள்கலை கற்க விரும்புபவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் தேடி வருகிறார்கள். என் ஓட்டு, வாளை உறையிலிருந்து உருவி வெட்டி மீண்டும் உறையில் போடுவதைத் தனியாகப் பயிலும் இயாய்டோவுக்கு.

கெண்டோவின் வேகம் யாரையும் இழுக்கும். மூங்கில் வாள், முகக்கவசம், ஐந்து நிமிட ஆட்டம், முதலில் இரண்டு புள்ளி எடுத்தவருக்கு வெற்றி. எதிராளி எப்போது அசைவார் என்று கணிக்கும் பழக்கம் இங்கேதான் வரும்; தனியாகப் பயிலும் இயாய்டோ அதைத் தராது. ஆனால் மூங்கில் வாளுக்கு வளைவும் இல்லை, உறையும் இல்லை. கெண்டோக்காரர்களுக்கு உண்மையான வாளைக் கையாளவும் தெரிய வேண்டும் என்று அகில ஜப்பான் கெண்டோ சம்மேளனமே 1969-இல் 7 இயாய்டோ கட்டாக்களை, அதாவது வரிசை மாறாமல் செய்யும் பயிற்சி வடிவங்களை, வகுத்தது. இன்று அவை 12.

பட்டோடோவில் நனைத்துச் சுருட்டிய பாயைக் கூரான வாளால் வெட்டுவார்கள். கோணம் பிசகினால் வாள் பாதியிலேயே நின்றுவிடும். தீர்ப்பு உடனே கிடைப்பது பெரிய வசதிதான். ஆனால் பாய் துண்டானதுமே திருப்தி வந்துவிடுகிறது. நின்ற நிலை, மூச்சு, வாளை உறையில் போட்ட விதம் எல்லாம் பின்னுக்குப் போய்விடும்.

இயாய்டோவில் அவைதான் பாடமே. முதல் கட்டாவான 'மாயே'யை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறோம். இடது கட்டைவிரல், வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள காப்புத் தட்டை மெல்லத் தள்ளுகிறது. வாள் நிதானமாகக் கிளம்பி, நுனி வெளியேறும் கடைசித் தருணத்தில் வேகமெடுத்து, எதிரே இருப்பதாகப் பாவிக்கும் ஆளின் நெற்றிப்பொட்டை நோக்கிக் கிடையாகப் பாய்கிறது. அந்த நொடியில் இடது கை உறையைப் பின்னுக்கு இழுத்திருக்க வேண்டும். இழுக்காவிட்டால் வாள் உறையில் உரசும், சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் தலைக்கு மேலிருந்து ஒரு வெட்டு, ரத்தத்தை உதறும் அசைவு, கடைசியில் குனிந்து பார்க்காமலே வாளை உறைக்குள் அனுப்புவது. பழக வருடங்கள் பிடிக்கிற வேலை இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். எதிராளி இல்லாததால் சாக்கு சொல்ல ஆளில்லை. அடி வாங்குவதும் இல்லை என்பதால், எழுபது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் ஒரே வரிசையில் நின்று பயிலலாம்.

சரி, குறையே இல்லையா? முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மண்டியிடும் கட்டாக்கள் கஷ்டம். சண்டையின் விறுவிறுப்பை எதிர்பார்ப்பவர்களுக்குச் சீக்கிரம் சலித்துவிடும். அவர்கள் கெண்டோவுக்கே போகலாம்.

இயாய்டோதான் என்று முடிவெடுத்தால், முதலில் மரவாள் போதும். பிறகு கூர் தீட்டாத பயிற்சி வாளை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். அலங்கார வாள் மட்டும் வேண்டவே வேண்டாம்: பிடி தளர்ந்தால் வீசும்போதே அலகு கழன்று பறக்கும்.