எம்.எம்.சி.யா, வேலூர் சி.எம்.சி.யா?

நீட்டில் நல்ல மதிப்பெண் வாங்கியவர் வீட்டில் அடுத்து கிளம்பும் பேச்சு இதுதான். சென்னை எம்.எம்.சி., அதாவது மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி, 1835இல் தொடங்கியது, எம்.பி.பி.எஸ். இடங்கள் 250. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் ஜி.எச்.சில்தான் (அரசு பொது மருத்துவமனை) பயிற்சி. நோயாளிக் கூட்டம் ஓயாது, கை தானாகப் பழகிவிடும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் உண்டு.

வேலூர் சி.எம்.சி.யில், அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், 100 இடங்களே. அதிலும் பெரும்பகுதி திருச்சபைகளின் பரிந்துரையோடு வருபவர்களுக்கு. அப்படிச் சேர்ந்தால், படித்து முடித்ததும் மிஷன் மருத்துவமனையில் 2 ஆண்டு வேலை பார்க்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் இந்த நிபந்தனையை ஒரு வரி விடாமல் படியுங்கள். மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்து, வீடு வீடாகப் போய் விசாரிக்கச் சொல்வது அங்கே பழைய வழக்கம். சிற்றூரில் வைத்தியம் பார்க்க ஆசையா? சரி, வேலூர். மற்றபடி என் ஓட்டு சென்னைக்கே.