ஆறு பவுணுக்கு ஒரு ஸ்வோர்ட்ஃபிஷ்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பைப்ளேன், அதாவது மேலும் கீழுமாக இரண்டு இறக்கை உள்ள விமானத்தின் பிளாஸ்டிக் மொடல் ஒன்று கட்டிப் பார்க்க ஆசை, இதுவரை கை வைத்ததில்லை என்றால் புதுப் பெட்டிக்குக் காசைக் கொட்ட வேண்டாம். பழைய கிட் (ஒட்டிக் கட்டும் பாகங்களின் தொகுப்பு) ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். மிச்சப்படும் காசில் நல்ல பிரஷ் இரண்டும் நூலும் வாங்கலாம். போட்டிக்கு அனுப்பும் எண்ணத்தோடு இருப்பவர்கள் இந்த இடத்திலேயே விலகிக்கொள்ளலாம், உங்களுக்கு இது சரிவராது.

நான் வாங்கியது ஃபேரி ஸ்வோர்ட்ஃபிஷ், இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை பறக்கவிட்ட டார்பிடோ விமானம். அளவு 1/72, அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. இங்கிலாந்தில் மொடல் கண்காட்சி எங்கே நடந்தாலும் மண்டபத்தின் ஓரமாக நாலைந்து மேசைகளில் பழைய கிட்டுகள் குவிந்து கிடக்கும். யாரோ பரணில் போட்டு வைத்துக் கடைசிவரை கட்டாமல் விட்டவை. அப்படி ஒரு மேசையில் ஆறு பவுணுக்குக் கிடைத்தது. அட்டைப்பெட்டி இல்லை. பிளாஸ்டிக் பை ஒன்று, அதற்குள் பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டங்கள், மஞ்சள் பிடித்த டிகால் தாள் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அடையாளச் சின்னங்கள்), மடிப்பு மடிப்பாகக் கிழிந்த செய்முறைத் தாள். கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய மூலையே காணாமல் போயிருந்தது. யார் செய்தது என்று ஆராய எனக்கு விருப்பமும் இல்லை. பிளாஸ்டிக்கைப் பார்த்தாலே எனக்கு முந்தைய தலைமுறைச் சரக்கு என்று தெரிந்தது.

ஏன் ஸ்வோர்ட்ஃபிஷ்? நான் திருகோணமலைக்காரன். சீனக்குடாவில் இந்த விமானங்கள் நின்றிருக்கின்றன. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்த அதே காலையில் சீனக்குடாவில் இருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ்களும் ஸீரோ போர்விமானங்களின் கண்ணில் பட்டு வீழ்ந்தன. நாலு நாள் கழித்து ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியபோது அதில் ஒரு விமானம்கூட இல்லை. அதனுடைய ஸ்வோர்ட்ஃபிஷ் அணி கரையிலேயே விடப்பட்டிருந்தது. இந்த விமானத்தைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் 1940 நவம்பரில் டரன்டோ துறைமுகத்தில் இருபத்தொரு ஸ்வோர்ட்ஃபிஷ்கள் இத்தாலியப் போர்க்கப்பல்களை அடித்ததையும், அடுத்த மே மாதம் ஜேர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கின் சுக்கானை உடைத்ததையும் எழுதுவார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் நடந்ததை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். சரி, அது வேறு கதை.

கிட்டுக்கு வருவோம். பாகங்களை முதலில் இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். அச்சில் இருந்து கழன்று வருவதற்காகத் தடவிய எண்ணெய்ப் பிசுக்கு இத்தனை வருடம் கழித்தும் இருக்கும், அதன்மேல் வர்ணம் பிடிக்காது. அப்புறம் பிசிறு. தேய்ந்த அச்சில் வார்த்தால் பாகங்களின் ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு நிற்கும். இதில் தாராளமாகவே நின்றது. புது பிளேட்டின் நுனியால் இழுத்து விட்டால் போய்விடும், இரண்டு இறக்கைகளையும் இணைக்கும் தூண்களில் மட்டும் அவசரப்படக் கூடாது, முறிந்துவிடும்.

விமானத்தின் முன்பகுதியில் உலோகத் தகடு வரும் இடமெல்லாம் ஆணித் தலைகள். அளவுக் கணக்குப்படி பெருக்கிப் பார்த்தால் நிஜ விமானத்தில் ஒவ்வொரு ஆணியும் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு வரும்! பாதியைத் தேய்த்து எடுத்தேன், மீதியை விட்டுவிட்டேன். வர்ணம் பூசிய பிறகு அவ்வளவு உறுத்தவில்லை. இறக்கைகள் நிஜத்தில் உலோகச் சட்டத்தின் மேல் துணி இழுத்துக் கட்டியவை, ஆகவே விலா வரிகள் லேசாகத் தெரிய வேண்டும். இதில் பட்டினி கிடந்த மாடு மாதிரித் துருத்திக்கொண்டு நின்றன. 600ஆம் நம்பர் சாண்ட்பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, குறுக்கே தேய்க்காமல் நீளவாக்கில் இழுத்துவிட்டால் வடிவாக அடங்குகிறது.

கீழ் இறக்கை ஒரு பக்கம் முறுகியிருந்தது. பரணின் சூட்டிலும் குளிரிலும் கிடந்த பிளாஸ்டிக் அப்படித்தான் இருக்கும், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கொதித்த தண்ணீரைச் சற்று ஆறவிட்டு, அதில் அமிழ்த்தி, இளகியதும் நேராக்கி, அப்படியே பிடித்தபடி பச்சைத் தண்ணீருக்குள் விட்டால் நின்றுவிடும்.

விமானியின் இடத்தில்தான் இந்தக் கிட்டின் வயது அதிகம் தெரிகிறது. ஸ்வோர்ட்ஃபிஷில் மூன்று பேர்: விமானி, அவதானிப்பாளர், வானொலியையும் பின்பக்கத் துப்பாக்கியையும் கவனிப்பவர். கிட்டில் மூன்று இருக்கை, மூன்று பொம்மை, அவ்வளவுதான். கருவிப் பலகை கிடையாது, பக்கச் சட்டங்கள் கிடையாது. மூடியில்லாத விமானம் என்பதால் வெறுமை மேலிருந்து நன்றாகவே தெரியும். சட்டத்தில் மிஞ்சிய பிளாஸ்டிக்கை மெழுகுதிரியில் காட்டி இழுத்தால் தலைமயிர் அளவுக்குக் கம்பி வரும். அதை வெட்டி உள்ளே குறுக்குச் சட்டங்கள் செய்தேன். இருக்கைப் பட்டி மாஸ்கிங் டேப். மூன்று பொம்மைகளையும் உட்காரவைத்தால் பாதி மறைந்துவிடும் என்பது இன்னொரு வழி. சோம்பேறிகளுக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

இனித்தான் விசயமே இருக்கிறது. எந்தக் கம்பெனி, எந்த வருடத்துக் கிட் என்றாலும் பைப்ளேனில் கஷ்டமான வேலை மேல் இறக்கையை நேராக ஏற்றுவதும் இறக்கைகளுக்கு இடையே கம்பி கட்டுவதும்தான். ஐம்பது பவுண் கொடுத்தாலும் அந்த வேலை உங்கள் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் மலிவுக் கிட்டில் பழகுங்கள் என்கிறேன்.

ஸ்வோர்ட்ஃபிஷில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சோடித் தூண்கள், நடுவில் உடலுக்கு மேலே ஒரு கூம்புச் சட்டம். மேல் இறக்கை முற்றாக நேராக இராது, சற்றே பின்னோக்கிச் சரிந்திருக்கும். முதல் மாதிரி விமானம் 1933இல் சுழன்று விழுந்த பிறகு உடலை நீட்டினார்கள், எடை பின்னுக்குப் போனதை ஈடுகட்ட இறக்கையைப் பின்னே சாய்த்தார்கள். இது தெரியாமல் பக்கவாட்டில் பார்த்து, ஏதோ கோணலாகிவிட்டது என்று தூண்களை வளைத்துவிடாதீர்கள்.

நான் செய்த ஒழுங்கு இது. ஒட்டுவதற்கு முன்பே கம்பி வரவேண்டிய இடங்களில் 0.3 மில்லிமீட்டர் துளைகள். மேல் இறக்கையின் அடிப்பக்கம், கீழ் இறக்கையின் மேற்பக்கம், உடல் எல்லாவற்றுக்கும் முதலிலேயே வர்ணம், ஏனென்றால் ஏற்றிய பிறகு பிரஷ் உள்ளே போகாது. தூண் உட்காரும் குழிகளில் வர்ணத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பசை என்பது பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டுகிறது, நடுவில் வர்ணம் இருந்தால் பிடிக்காது. பிறகு மேல் இறக்கையை மேசையில் மல்லாக்காக வைத்து, தூண்களை நட்டு, தானியப் பெட்டி மட்டையில் வெட்டிய இரண்டு அளவுச் சட்டங்களை இடையில் செருகிக்கொண்டு, உடலைத் தலைகீழாக அதன்மேல் இறக்கினேன். இந்த இடத்தில் தண்ணீர் மாதிரி ஓடும் மெல்லிய பசை கூடாது, அது நொடியில் பிடித்துவிடும். குழாயில் வரும் பழைய கெட்டிப் பசைதான் நல்லது. அங்கே இங்கே நகர்த்திச் சரிபார்க்க நேரம் கொடுக்கும். முன்னாலிருந்து, பின்னாலிருந்து, மேலிருந்து என மூன்று பக்கமும் பார்த்துவிட்டு ஓர் இரவு தொடாமல் விடுங்கள். இந்தக் கிட்டில் தூண்களின் நீளம் சரியாக இருந்தது, குழிகளும் சரியான இடத்தில் இருந்தன. ஆணித் தலைகளுக்காகக் கழித்த மதிப்பெண்ணை இங்கே திருப்பிக் கொடுக்கிறேன்.

கம்பிக்கு இழுபடும் மெல்லிய எலாஸ்டிக் நூல் பயன்படுத்தினேன். நிஜக் கம்பி பத்து மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1/72 இல் 0.14 மில்லிமீட்டர்தான் வரும், தையல் நூல் கட்டினால் கயிறு மாதிரித் தெரியும். நூல் நுனியில் ஊசிமுனை அளவு சூப்பர் குளூ, சாவணத்தால் பிடித்து ஒரு துளையில் வைத்துப் பத்து எண்ணுங்கள். மற்ற முனையை வேண்டிய நீளத்துக்குச் சற்றுக் குறைவாக வெட்டி, இழுத்து மற்றத் துளையில் வையுங்கள். தொய்யாது, கை பட்டாலும் அறாது. உள்ளிருந்து வெளியே வரவேண்டும், வெளிக் கம்பிகளை முதலில் கட்டினால் பிறகு கை உள்ளே போகாது. செய்முறைத் தாளில் கம்பிப் படம் கிழிந்த பக்கத்தில் போய்விட்டது. டக்ஸ்ஃபர்டில் இம்பீரியல் வார் மியூசியத்தில் நிற்கும் ஸ்வோர்ட்ஃபிஷை முன்பு எடுத்த படங்கள் கைகொடுத்தன. நேரில் பார்த்தால் அது வட்டக் கம்பியும் இல்லை, காற்றைக் கிழிக்கத் தட்டையாகச் செய்த உலோகப் பட்டி. இந்த அளவில் அதெல்லாம் தெரியாது, விடுங்கள்.

வர்ணத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, செய்முறைத் தாள்கள் பலவும் சொல்வதில்லை. போர்க்கால ஸ்வோர்ட்ஃபிஷின் மேற்பக்கம் கடும் கடல்சாம்பலும் கடும் சிலேட் சாம்பலும் கலந்த உருமறைப்பு. ஆனால் கீழ் இறக்கையின் மேற்பக்கத்துக்கு அதே இரண்டு நிறங்களின் வெளிறிய வகை. மேல் இறக்கையின் நிழல் கீழ் இறக்கையில் விழுந்து அதைக் கறுப்பாகக் காட்டும், உயரத்தில் இருந்து பார்க்கும் எதிரிக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியட்டும் என்று வெளிறிய நிறம் பூசினார்கள். இதைச் செய்துவிட்டு மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். பத்தொன்பது சென்டிமீட்டர் பொம்மையிலும் அந்த வித்தை வேலை செய்கிறது! அடிப்பக்கத்துக்கு ஸ்கை என்ற வெளிர் பச்சை. ஹம்ப்ரோல் கம்பெனியின் எனாமல் வர்ணம், எல்லாமே பிரஷ்தான். மெல்லிதாக்கி இரண்டு மூன்று பூச்சு, ஒன்று காய்ந்த பிறகே மற்றது. எஞ்சினைச் சுற்றிய வளையத்தின் முன்விளிம்பை மட்டும் வேறாகப் பூசுங்கள். பெகசஸ் எஞ்சினின் புகை அந்த விளிம்புக்குள்தான் சேரும், சூட்டில் உலோகம் பழுப்பேறிவிடும். கடும் மண்ணிறம் பூசி, காய்ந்த பிரஷில் செம்பு நிறம் கொஞ்சம் தொட்டு உரசினேன்.

டிகால்தான் பெரிய தலையிடி. வெள்ளை வளையங்கள் தேத்தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தன. தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டினால் வெளுக்கும். உண்மையாகவே வெளுக்கிறது. திருகோணமலை வெயில் என்றால் விரைவாக முடிந்திருக்கும், இங்கே வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. பழைய டிகால் தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாக உடையக் கூடும் என்பதால் முதலில் தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சு பூசிக் காயவிட்டேன். உடையவில்லை. ஒட்டும் இடத்திலும் பளபளப்பு வார்னிஷ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் காற்று நின்று வெள்ளி மாதிரி மினுங்கும். கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே மங்கல் வார்னிஷ்.

ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டால் மூன்றரை கொடுப்பேன். உருவம் சரி, இறக்கைகள் பொருந்துகின்றன, டார்பிடோ வடிவாக இருக்கிறது. உள்ளே வெறுமை, மேலே ஆணிகள். இதைவிட நல்லது வேண்டும் என்பவர்களுக்கு ஏயர்ஃபிக்ஸ் கம்பெனி 2012இல் புதிதாக அச்சு வெட்டிய 1/72 ஸ்வோர்ட்ஃபிஷ் இருக்கிறது, அதில் இறக்கைகளை மடித்தும் கட்டலாம். பெரிதாக வேண்டும் என்றால் தமியா கம்பெனியின் 1/48. பாகங்கள் பொருந்துவதைப் பற்றி யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை, கம்பிகளுக்கென்று உலோகத் தகட்டில் வெட்டிய பாகங்களைத் தனியாக விற்றார்கள். இரண்டையும் ஒரு பைப்ளேன் கட்டிய பிறகு வாங்குங்கள்.

பழைய கிட் வாங்கும்போது டிகால் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், தனி டிகால் தாள்கள் கிடைக்கின்றன. தூண்களை எண்ணுங்கள். பையைத் திறக்க விடாவிட்டாலும் வெளியே இருந்து வெளிச்சத்தில் பிடித்து எண்ணலாம். இறக்கை இல்லையென்றால் விற்பவருக்கே தெரிந்திருக்கும். தூண் ஒன்று குறைந்தால் வீட்டுக்கு வந்து மேசையில் பரப்பிய பிறகுதான் உங்களுக்கே தெரியவரும்.