டி.என்.ஏ. சோதனையில் பூர்வீகம் காட்டுவதாகச் சொல்லி எங்களை ஏமாற்றினார்கள்: கிருஷ்ணகிரி, தருமபுரி மக்கள் கவனத்திற்கு

வீட்டிலிருந்தபடியே உமிழ்நீரை அனுப்பி முன்னோர் யாரென்று தெரிந்துகொள்ளலாம் என்ற முகநூல் விளம்பரத்தை நம்பி, காவேரிப்பட்டணத்தில் வசிக்கும் நாங்கள் 19,500 ரூபாயை இழந்திருக்கிறோம். பணம் போனதைக் காட்டிலும், என் பெற்றோரின் உமிழ்நீரும் பிறந்த தேதியும் கைப்பேசி எண்ணும் முகம் தெரியாத ஒருவரிடம் இருப்பதுதான் என்னை உறங்கவிடாமல் செய்கிறது. அதே விளம்பரம் இப்போதும் நம் பகுதியில் பலருக்கு வருவதாக அறிந்ததால் இதை எழுதுகிறேன்.

என் தந்தையாருக்கு வயது 81. நம் மூதாதையர் கோலார்ப் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்தவர்கள் என்று தம் பாட்டி சொன்னதை உறுதிசெய்ய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வீட்டிலிருக்கும் பத்திரங்களில் மிகப் பழையது 1931-ஆம் ஆண்டினது. தருமபுரி 1965-இலும் கிருஷ்ணகிரி 2004-இலும்தான் தனி மாவட்டங்களாயின என்பதால் அதில் சேலம் ஜில்லா என்றே எழுதியிருக்கிறது. அதற்கு முந்தைய காகிதம் எதுவும் எங்களிடம் இல்லை. அந்தக் குறையை இந்தச் சோதனை தீர்த்துவைக்கும் என்று எண்ணித்தான் அப்பா, அம்மா, அத்தை மூவருக்குமாக மூன்று பெட்டிகள் வாங்கினேன். விலைச்சீட்டு கேட்டபோது, முடிவுடன் சேர்த்து அனுப்புவதாகச் சொன்னார்கள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

உமிழ்நீர் எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. சர்க்கரை நோயால் எப்போதும் நா வறண்டிருக்கும் அப்பா, நுரை அடங்கி உமிழ்நீர் குழாயின் கோட்டைத் தொடும்வரை இருபது நிமிடம் திண்ணையில் அமர்ந்து துப்பிக்கொண்டே இருந்தார். கோடு வரை வந்துவிட்டதா என்று குழாயை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்த அவருடைய முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆறு வாரம் கழித்து முடிவுகள் வாட்ஸ்அப்பில் வந்தன. அப்பாவுக்கு 37.4 சதவீதம் 'ராஜபுத்திர அரச மரபு' என்றிருந்தது. குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு வந்திருந்த பங்காளிகள் எல்லோரிடமும் அவர் அதைச் சொல்லிவிட்டார். அதன்பிறகுதான் இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன்: அம்மாவுக்கும் அதே 37.4, அடுத்த வரியில் இருவருக்கும் அதே 28.1, இப்படிக் கடைசி வரி வரை புள்ளிக்குப் பிந்தைய எண்கூட மாறவில்லை. அம்மாவின் அறிக்கையில் 'தந்தைவழி ஒய் குரோமோசோம் பிரிவு' என்று ஒரு பக்கமே இருந்தது. பெண்களுக்கு ஒய் குரோமோசோம் கிடையாது என்பது பள்ளிப் பாடத்திலேயே இருக்கும் செய்தி.

கேட்டபோது, "உங்கள் அம்மா அப்பாவுக்கு முறைப்பெண்தானே சார், அதனால்தான் ஒரே மாதிரி வந்திருக்கிறது" என்றார் பேசியவர். நம் வீடுகளில் அத்தை மகளை மணப்பது வழக்கம் என்பதைத் தெரிந்துகொண்டு சொன்ன பொய் அது. அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் பகிர்ந்துகொள்ளும் மரபணு சராசரியாக எட்டில் ஒரு பங்குதான். உடன்பிறந்தவர்களிடமே ஏறத்தாழ பாதிதான் பொதுவாக இருக்கும் என்பதால் அவர்களுடைய சதவீதங்களும் வேறுபடும். ஒரே கருவில் உருவான இரட்டையருக்கு வேண்டுமானால் இப்படி அச்சாக ஒத்துப்போகலாம்.

முறையான நிறுவனங்கள்கூட, நம் மரபணுவைத் தம்மிடம் உள்ள ஒப்பீட்டு மாதிரிகளோடு பொருத்திப் பார்த்து ஒரு மதிப்பீட்டைத்தான் தருகின்றன. எந்தப் பகுதி மக்களின் மாதிரிகள் குறைவாக உள்ளனவோ அந்தப் பகுதிக்கான விடையும் மேலோட்டமாகவே இருக்கும். சாதியையோ அரச வம்சத்தையோ காட்டும் மரபணு என்று ஒன்று இல்லை. அதைக் காட்டுவதாக யார் சொன்னாலும் அவரிடம் பணம் கட்டாதீர்கள். ஆய்வகத்தின் பெயர், முழு முகவரி, மாதிரியை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், கேட்டால் அழிப்பார்களா என்பவற்றை எழுத்தில் வாங்காமல் உமிழ்நீரைக் கொடுக்கவும் வேண்டாம்.

பெட்டியின் மேல் பெங்களூரு முகவரி ஒன்று இருந்தது. ஓசூர் சென்று அங்கிருந்து பேருந்து மாறி நேரில் போனேன். அங்கே இருந்தது கூரியர் பொட்டலங்கள் வாங்கி வைக்கும் சிறு கடை. ஆய்வகம் ஏதும் இல்லை. வாரம் ஒருமுறை ஒரு பையன் வந்து பொட்டலங்களை எடுத்துப்போவான் என்றார் கடைக்காரர். மறுநாளிலிருந்து அவர்களுடைய கைப்பேசி அணைக்கப்பட்டிருக்கிறது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், இணையவழிப் பண மோசடிக்கான 1930 என்ற எண்ணிலும் புகார் பதிந்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் எங்கிருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணமும் இல்லை. அதற்கான மனுவைத் தயாரித்துவருகிறேன். அத்தைக்காக வாங்கிய மூன்றாவது பெட்டியை அனுப்பவில்லை. முத்திரை பிரிக்காமல், பணம் செலுத்திய ரசீது நகலோடு அதைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். இதே போன்ற பெட்டி உங்கள் வீட்டிலும் இருந்தால் தூக்கி எறிந்துவிடாமல் எனக்குத் தெரிவியுங்கள். சேர்ந்தே மனு கொடுக்கலாம்.