ஃபேஸ்நெட்: எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம்

பின்னதிர்வுப் பதிவுகளைப் பிரித்துப் பட்டியல் போடுவது என் வேலை. நிலநடுக்கப் பதிவில் அலைகள் வந்து சேரும் நேரத்தைக் கண்டறியும் ஃபேஸ்நெட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் இல்லாமல் இனி அதைச் செய்ய மனம் வராது. பழைய எஸ்டிஏ/எல்டிஏ முறை அதிர்வின் குறுகிய நேரச் சராசரியை நீண்ட நேரச் சராசரியால் வகுத்து, விடை ஒரு வரம்பைத் தாண்டினால் நிலநடுக்கம் என்று சொல்லும். முதல் நிலநடுக்கத்தின் வால் அடங்குவதற்குள் அடுத்தது வந்தால், நீண்ட சராசரி ஏற்கெனவே ஏறியிருக்கும். இரண்டாவது கண்ணுக்கே படாது. சரி, வரம்பைக் குறைக்கலாம் என்றால் லாரி போனாலும் நிலநடுக்கம் என்றுவிடும்.

ஸ்டான்ஃபோர்டில் உருவாகி 2019-ல் ஆய்விதழில் வெளியான ஃபேஸ்நெட், மூன்று திசைப் பதிவையும் 30 விநாடித் துண்டுகளாக வாங்கி, ஒவ்வொரு புள்ளியும் பி அலையா (முதலில் வரும் வேகமான அலை), எஸ் அலையா (பின்னால் வரும் மெதுவான அலை), இரைச்சலா என்று 0 முதல் 1 வரை மதிப்பெண் போடுகிறது. அலையின் வடிவத்தைப் பார்ப்பதால், வாலுக்குள் புதைந்த பி அலையையும் பல சமயம் தோண்டி எடுத்துவிடும். இலவசம், சைஸ்பெஞ்ச் என்ற நிலநடுக்கவியல் மென்பொருள் தொகுப்பு வழியாக நிறுவினால் சில வரி பைத்தானில் ஓடும். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

அந்த ஒன்றைக் குறைத்தது பொய்க் கண்டறிதலுக்காக. பாறை அடுக்குகளின் எல்லையில் எஸ் அலையின் ஒரு பகுதி பி அலையாக மாறி, எஸ்ஸுக்குச் சற்று முன்பே வந்து சேரும். ஆழமான நிலநடுக்கமென்றால் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் அலை வேறு. இரண்டும் புதிய பி அலை போலவே தெரியும். தரவு விடுபட்ட இடத்தைச் சுழியால் நிரப்பியிருந்தால் அதன் விளிம்பிலும் ஒரு பொய் முளைக்கலாம். மதிப்பெண் 0.9 என்று வந்தால் பத்தில் ஒன்பது உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், கிடைத்த கண்டறிதல்களைக் காமா போன்ற இணைப்பு நிரலில் கொடுத்து, பல நிலையங்களின் வருகை நேரங்கள் ஒரே மூலத்துக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். தனித்து நிற்கும் பொய்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஆனால் இணைப்பும் சறுக்கும். 2018 ஜனவரி 5 அன்று இபராக்கி கடற்பகுதியிலும் தோயாமாவிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிலம் அதிர, ஜப்பானின் எச்சரிக்கை அமைப்பு இரண்டையும் ஒன்றாகக் கருதி, வராத பலத்த அதிர்வுக்கு மக்களை எச்சரித்தது. பீதியில் ஓடியவர்களுக்கு இது வெறும் கணக்குப் பிழை அல்ல.

இரண்டாவது நிலநடுக்கம் உண்மையென்றால் அதற்குச் சொந்தமாக ஓர் எஸ் அலை இருக்கும். தொலைவிலுள்ள நிலையங்களில் பி–எஸ் இடைவெளியும் கூடிக்கொண்டே போகும். இந்த இரண்டும் தெரியாதவரை பட்டியலில் சேர்க்காமல் தனிக் கோப்பில் வைத்துவிடுங்கள்.