ஓராண்டில் ஏழு கட்டிகளும் ஐந்து ரோட்டுத் தோல் மருத்துவரும்

சிவதாபுரத்தில் சிறிய கொலுசுப் பட்டறை நடத்தும் எனக்கு, சென்ற ஆண்டு பங்குனியில் தொடங்கி இந்த ஆண்டு தை முடிவதற்குள் ஏழு கட்டிகள் வந்துவிட்டன. தொடையிலும் இடுப்பிலுமாக நான்கு, அக்குளில் இரண்டு, பிடரியில் ஒன்று. நடுவில் மகனுக்கு முழங்காலில் ஒன்றும் மனைவிக்கு முன்கையில் ஒன்றும் வந்தன. ஏழாவது கட்டி பழுத்து நின்ற வாரத்தில், ஐந்து ரோடு அருகே ஒரு முதல் மாடியில் இயங்கும் தோல் சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். அங்கே கிடைத்த சிகிச்சையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று மருத்துவர் கேட்டுக்கொண்டதால் இடத்தை மட்டும் சொல்கிறேன்.

சேலத்து வெயிலில் கட்டி வந்தால் யாரும் காரணம் தேடி அலைவதில்லை. உடம்புச் சூடு என்பார்கள். மாம்பழம் தின்றதன் பலன் என்பார்கள். சென்ற ஆண்டு மல்கோவா வரத்துத் தொடங்கிய நாளிலேயே அம்மா என் தட்டிலிருந்து மாம்பழத் துண்டுகளை எடுத்துவிட்டார். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். ஊறவைத்த வெந்தயமும் இளநீரும் குடித்தேன். வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி வாட்டிக் கட்டினேன். என் தொழிலும் இந்த நம்பிக்கைக்குத் தோதாகவே இருந்தது. பற்றவைக்கும்போது சுடர் அசையக் கூடாது என்பதற்காக மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தரையில் சம்மணமிட்டு மணிக்கணக்கில் உட்காருகிறவனுக்குக் கட்டி வராமல் வேறு யாருக்கு வரும் என்று எல்லாரும் கேட்டார்கள். ஆனால் மாம்பழமும் போய், வெயிலும் போய், ஐப்பசி மழையில் ஐந்தாவது கட்டி வந்தபோது இந்தக் கணக்கு எனக்கே உதைத்தது.

இதற்கு முன் பார்த்த வேறொரு மருத்துவரிடம், போனவுடன் ஒரு ஊசி, ஐந்து நாள் மாத்திரை, அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொல்லும் மணி, இவ்வளவுதான் நடந்தது. அவர் ஒருமுறைகூடச் சீழைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. முழுப் பழியையும் அவர் மேல் போட எனக்கு உரிமை இல்லை. மூன்றாம் நாள் வலி குறைந்ததும் மாத்திரையை நிறுத்தியவன் நான். மிச்சமிருந்ததை மகனுக்குக் கொடுத்தவனும் நான். அடுத்த கட்டிக்குப் பழைய அட்டையைக் காட்டி மருந்துக் கடையில் அதையே வாங்கியவனும் நான். அந்த அட்டையின் பின்புறத்தில் ஓடும் சிவப்புக் கோட்டுக்கு, மருத்துவர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்று பொருள் என்பதை ஐந்து ரோட்டுக்கு வந்த பிறகே தெரிந்துகொண்டேன்.

இந்த மருத்துவர் கட்டியைப் பார்ப்பதற்கு முன் கேட்ட கேள்விகள் எனக்கு விநோதமாகப் பட்டன. வீட்டில் எத்தனை பேர், எத்தனை துண்டுகள், முகம் எங்கே மழிக்கிறீர்கள், பையன் கபடி ஆடுகிறானா, பட்டறையில் உட்காரும் பாய் யாருடையது என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நான்கு பேருக்கு இரண்டு துண்டு என்று சொன்னபோது எழுதுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "கட்டி இன்னைக்கு ஆறிடுங்க. அது எங்கே குடியிருக்குன்னு பாக்கலைன்னா அடுத்த மாசம் நீங்களே திரும்ப வருவீங்க" என்று சொல்லித் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

அவர் விளக்கியதன் சாரம் இது. இத்தகைய கட்டிகளுக்குப் பெரும்பாலும் காரணமாவது ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. ஏறத்தாழ பத்துப் பேரில் மூவரின் மூக்குக்குள் இது எந்தத் தொந்தரவும் தராமல் தங்கியிருக்கிறது. அக்குள், தொடை இடுக்கு போன்ற ஈரமான இடங்களிலும் தங்கும். கை மூக்குக்குப் போகிறது, அதே கை தொடையைச் சொறிகிறது, உராய்வில் கீறிய தோல் வழியாக அது மயிர்க்காலுக்குள் இறங்குகிறது. ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஓக்ஸ்டன் 1880களில் சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது திராட்சைக் கொத்துப் போலத் தெரிந்ததால் அந்தக் கிரேக்கப் பெயரை வைத்தார்; 1884இல் ரோசன்பாக் என்ற ஜெர்மானியர், வளர்ப்பில் அது பொன் நிறமாகப் படர்ந்ததைக் கண்டு ஆரியஸ் என்ற அடைமொழியைச் சேர்த்தார். வெள்ளி வேலை செய்கிறவனுக்குத் தங்கத்தின் பெயரில் ஒரு கிருமி வாய்த்ததைச் சொல்லி மருத்துவர் சிரித்தார். உட்கார முடியாத நிலையிலும் நானும் சிரித்தேன்.

கட்டியைக் கீறியது அன்றே நடந்தது. மரத்துப்போக ஊசி போட்டார். அந்த ஊசிதான் வலித்தது. கீறியவுடன் வந்த சீழை, குழாய்க்குள் இருந்த நீண்ட பஞ்சுக் குச்சியில் தொட்டு எடுத்து மூடிப் பெயர் ஒட்டினார்கள். பழுத்த கட்டிக்கு முதல் மருந்து கத்திதான் என்றும், சீழ் வெளியேறாமல் மாத்திரை மட்டும் தின்றால் அது உள்ளே சரியாகப் போய்ச் சேராது என்றும் சொன்னார். வீட்டில் நாங்கள் விரலால் பிதுக்கி ஆணியை எடுப்போம் என்று நான் பெருமையாகச் சொல்லப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிதுக்கினால் சீழ் ஆழத்துக்கும் பரவலாம். மூக்கு, மேலுதட்டுப் பகுதியில் வந்ததைத் தொடவே கூடாது. சுத்தமான துணியில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். காய்ச்சல் வந்தாலோ, கட்டியைச் சுற்றிய சிவப்பு பரவினாலோ, முகத்தில் கட்டி வந்தாலோ காத்திருக்காமல் வர வேண்டும். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ரத்தமும் எடுத்தார்கள். இல்லை என்று வந்தது.

மூன்றாம் நாள் வந்த ஆய்வக அறிக்கையை அவர் என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்தவரை அழைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் வரிவரியாகப் படித்துக் காட்டினார். செஃபாக்ஸிடின் என்ற மருந்துக்கு எதிரே, எதிர்ப்பு இருக்கிறது என்று இருந்தது. அதைக் கொண்டுதான் இது எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெத்திசிலின் என்ற மருந்துக்கு அடங்காத ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வகை என்று அறிகிறார்கள். மெத்திசிலின் புழக்கத்துக்கு வந்தது 1959இல். அதற்கு அடங்காத ஸ்டேஃப் இங்கிலாந்தில் 1961இலேயே பதிவாகிவிட்டது. நான் ஓராண்டாகத் தின்ற மாத்திரையும் அதே குடும்பத்து மருந்து என்பதால் அது இந்தக் கிருமியை ஒன்றும் செய்திருக்காது. இன்னொரு வரி எனக்குப் பிடித்துப்போனது. கிருமி எரித்ரோமைசின் என்ற மருந்துக்கு எதிர்ப்பும் கிளிண்டாமைசின் என்ற மருந்துக்கு அடக்கமும் காட்டினால் அந்த அடக்கத்தை அப்படியே நம்பக் கூடாதாம். இரண்டு மருந்தும் தோய்ந்த வில்லைகளை அருகருகே வைத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கிறார்கள். கிளிண்டாமைசினைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வட்டம் ஒரு பக்கம் தட்டையாகி ஆங்கில டி எழுத்துப் போல ஆனால் அந்த மருந்து பாதியில் கைவிட்டுவிடும் என்று பொருள். எனக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. ஆகவே வேறொன்றை எழுதினார். அந்த மருந்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. உங்கள் சீழ் சொல்லும் மருந்து வேறாக இருக்கலாம், சீட்டில்லாமல் வாங்கிய என் கதையை மேலே படித்திருக்கிறீர்கள்.

ஆனால் இந்த நிலையத்தை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் மாத்திரை அன்று, அதன் பிறகு வந்த ஐந்து நாட்கள். புண் ஆறியதும், வீட்டில் உள்ள நால்வரும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தமிழில் தட்டச்சு செய்த ஒரு தாளைக் கொடுத்தார்கள். மியூபிரோசின் 2 சதவீதக் களிம்பைத் தீக்குச்சி முனை அளவு பஞ்சுக் குச்சியில் எடுத்து, இரு மூக்குத் துவாரங்களின் உள்விளிம்பிலும் தடவி, மூக்கை மெதுவாக அழுத்தி விட வேண்டும். காலை ஒரு முறை, இரவு ஒரு முறை. நாள்தோறும் 4 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவத்தைக் கழுத்துக்குக் கீழே தேய்த்து, இரண்டு நிமிடம் அப்படியே நின்று, பிறகு அலச வேண்டும். கண்ணிலும் காதிலும் படக் கூடாது. அதன் மேல் வழக்கமான சோப்பைப் போட்டால் அதன் வேலை குறைந்துவிடும். துண்டு, படுக்கை விரிப்பு, உள்ளாடை அனைத்தையும் ஐந்து நாளும் மாற்றி, வெந்நீரில் துவைத்து, நன்கு உலர்த்த வேண்டும்.

படிக்கச் சுலபமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் முதல் நாளே பஞ்சாயத்து ஆயிற்று. கட்டியே வராத தனக்கு எதற்கு மூக்கில் களிம்பு என்று அம்மா மறுத்துவிட்டார். மறுநாள் அவரையும் அழைத்துப் போனேன். சிகிச்சை நிலையத்து நர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு ஒண்ணும் வராதுங்கம்மா, ஆனா பேரனுக்கு உங்ககிட்ட இருந்து போகலாமில்ல" என்றார். அதன் பிறகு ஐந்து நாளும் எங்களுக்கு முன்னால் களிம்பு வைத்துக்கொண்டவர் அம்மாதான். ஆளுக்கு இரண்டாக எட்டுப் புதிய துண்டுகளை நான்கு நிறங்களில் வாங்கினோம். பட்டறையில் பொதுப் பாயை எடுத்துவிட்டு, சோப்பு நீரால் துடைக்கக்கூடிய ரெக்சின் விரிப்பை ஆளுக்கொன்றாகப் போட்டேன். முடிதிருத்தும் கடையில் என் முன்னால் புதிய பிளேடை உடைத்துப் போடச் சொல்கிறேன். கடைக்காரருக்கு முதலில் வருத்தம்தான்.

தாளில் இல்லாத ஒன்றை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். குளோர்ஹெக்சிடின் ஊறிய வெள்ளை வேட்டியைப் பளிச்சென்று ஆக்குவதற்காக பிளீச்சிங் பவுடர் கரைசலில் போட்டேன். எடுத்தபோது காப்பி கொட்டியது போலப் பழுப்புத் திட்டுகள், இன்றுவரை போகவில்லை. இரண்டும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும் என்று பிறகு சொன்னார்கள். அந்த வரியைத் தாளில் சேர்க்கும்படி கேட்டிருக்கிறேன்.

குறைகளும் உண்டு. மாலை ஐந்தரை மணிக்கு வரச் சொன்ன டோக்கனுக்கு எட்டேகாலுக்குத்தான் உள்ளே போனேன். மருத்துவர் ஒவ்வொருவரிடமும் நிறையப் பேசுவதன் விலையை வெளியில் உட்கார்ந்திருப்பவர்கள் கொடுக்கிறார்கள். தொடையில் கட்டியோடு வருகிறவனுக்கு அந்தக் கூடத்தின் கெட்டிப் பிளாஸ்டிக் நாற்காலி ஒரு தனித் தண்டனை. நான் பெரும்பாலும் நின்றுகொண்டேயிருந்தேன். லிஃப்ட் இல்லை. வண்டி நிறுத்த இடமில்லாமல் சந்துக்குள் விட்டுவிட்டு நடந்து வர வேண்டும். ஆலோசனை, கீறல், சீழ்ப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, நால்வருக்கான களிம்பும் திரவமும் எல்லாம் சேர்ந்து ஐயாயிரத்தைத் தாண்டியது. மருத்துவரே, செலவு தாங்காதவர்கள் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம் என்று என்னிடம் சொன்னார்.

இனி வரவே வராது என்று அவர் உறுதி கூறவில்லை. ஐந்து நாள் சிகிச்சைக்குப் பிறகும் சிலருக்கு இது திரும்பும் என்றும், அதற்காகக் களிம்பை வாங்கி வைத்துக்கொண்டு மாதாமாதம் மூக்கில் தடவினால் அதற்கும் கிருமி பழகிவிடும் என்றும் முன்பே எச்சரித்திருந்தார். மாசியில் முடித்தோம். வைகாசியில் இடுப்பில் மிளகு அளவில் ஒன்று தலைகாட்டியது; ஒத்தடம் கொடுத்து மூடி வைத்தேன், நான்கு நாளில் அடங்கிவிட்டது. ஆனி வரை வேறு யாருக்கும் வரவில்லை. இந்த சீசனில் மல்கோவாவை அம்மாவே அறுத்துத் தட்டில் வைத்தார், இரண்டுக்கு மேல் தரவில்லை.

ஞாயிறு விடுமுறை. மற்ற நாட்களில் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் டோக்கன் தருகிறார்கள். எட்டரைக்கு மேல் கிடைப்பது அரிது. பழைய மாத்திரை அட்டைகள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள், கேட்பார்கள். கட்டி உடைவதற்கு முன்பே போவது நல்லது, பரிசோதனைக்குச் சீழ் வேண்டும்.