ஊழியர் பார்க்கிங் மாத பாஸ்: சம்பளத்தில் 350 ரூபாய் பிடித்துக்கொண்டு என்ன தருகிறார்கள்?

நாகர்கோவில் நகரத்துக்குள் ஒரு வணிக வளாகம். துணி, செல்போன், கண்ணாடி, பாத்திரம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. வாங்க வருகிறவர்களுக்கு பார்க்கிங் இலவசம். அங்கேயே வேலை பார்ப்பவர்களுக்குக் காசு: டூ வீலருக்கு மாதம் 350 ரூபாய், காருக்கு 1,200. கவுண்டரில் கட்ட வேண்டியதில்லை. சம்பளச் சீட்டில் ‘பார்க்கிங்’ என்று ஒற்றை வரி இருக்கும், அதில் கழிந்துவிடும். வளாகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இதே ஏற்பாட்டை நீங்கள் வேலை பார்க்கும் கடையிலும் கொண்டுவந்தால் எதை எதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மதிப்பீடு.

முதலில் கணக்கு. 350-ஐ 26 வேலை நாளால் வகுத்தால் நாளுக்கு 13 ரூபாய் 46 காசு. கேட்க மலிவுதான். ஆனால் நான்கு நாள் லீவு போட்டாலும் 350தான் என்பதால் அது 15 ரூபாய் 91 காசு ஆகிறது. மாதம் 20-ஆம் தேதிக்கு மேல் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள் மட்டும் வந்தவருக்கும் முழுசாகப் பிடிக்கிறார்கள். அவருக்கு நாளுக்கு 39 ரூபாய் விழுகிறது. வெளியே இருசக்கர வாகனக் காப்பகத்தில் நாள் வாடகை 10 என்றால் 26 நாளைக்கு 260, 15 என்றால் 390. அங்கே வராத நாளுக்குக் காசில்லை. உங்கள் தெருவில் என்ன விலை என்று விசாரித்துப் பெருக்கிப் பாருங்கள். 15-க்கு மேல் என்றால் மாத பாஸ் லாபம், 10 என்றால் இல்லை. இது வண்டி நிற்கும் இடத்துக்கு மட்டுமான கணக்கு. இடத்தோடு சேர்ந்து என்ன வருகிறது, என்ன வரவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இடத்தை டேப் வைத்து அளந்தால் தெரியும். தரையில் மஞ்சள் கோடு 75 செ.மீ. இடைவெளியில் போட்டிருக்கிறார்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், 2019 டூ வீலருக்குச் சொல்வது 1 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் நீளம். ஸ்பிளெண்டரின் ஹேண்டில் அகலமே 72 செ.மீ. மீதி மூன்று செ.மீ.யில் என்ன நடக்கும்? பக்கத்து ஆக்டிவாவின் பிரேக் லிவர் இதன் கண்ணாடிக் கம்பியில் போய் மாட்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்தால் நிலைமை இன்னும் மோசம். வண்டி இடப்பக்கம் சரிவதால் அடுத்த கட்டத்துக்குள் தலையை நீட்டும். எல்லாரும் சென்டர் ஸ்டாண்ட் போட்டால்தான் இந்தக் கோட்டுக்குள் அடங்கும். அதற்கு ஆள் வைத்து ஒழுங்குபடுத்த வேண்டும், இங்கே அது இல்லை. ஏழரை மீட்டர் சுவருக்கு விதிப்படி ஏழு வண்டி, இவர்கள் விடுவது பத்து. நடுவில் இருப்பதை எடுக்க இரண்டு பக்கமும் நகர்த்த வேண்டும். பக்கத்து வண்டிக்கு ஹேண்டில் லாக் போட்டிருந்தால் பின்சக்கரத்தைத் தூக்கித் தூக்கித்தான் நகர்த்த முடியும். இண்டிகேட்டர் உடைவது பெரும்பாலும் இந்தத் தூக்கலில்தான்.

பார்க்கிங் இருக்கும் அடித்தளத்துக்கு இறங்கும் சரிவுப் பாதையில் வழுவழுப்பான சிமென்ட் பூசி, மேலே பச்சை பெயிண்ட். குமரி மாவட்டத்துக்கு மழை ஆண்டில் இரண்டு தடவை. ஜூனில் தென்மேற்கு, அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு. ஈர டயரோடு அந்தப் பெயிண்டில் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி வழுக்கிவிடும். இறங்கும்போது பின் பிரேக்கை மட்டும் மெதுவாக அழுத்துங்கள், ஸ்கூட்டரில் என்றால் இடது கை பிரேக். சரிவில் குறுக்காகப் பள்ளக் கோடு வெட்டியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பாதை முடியும் இடத்தில் ஒரு இரும்புச் சல்லடை மூடி உண்டு. மழைத்தண்ணீர் அது வழியாகத் தொட்டிக்குப் போய், அங்கிருந்து மோட்டார் மேலே தள்ள வேண்டும். சல்லடையில் இலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்தாலோ, கரண்ட் போய் மோட்டார் நின்றாலோ, தண்ணீர் தங்குவது கடைசி வரிசையில்தான். ஊழியர்களுக்கு ஒதுக்கியிருப்பதும் அந்த வரிசைதான்.

அப்படித் தண்ணீர் ஏறி, ஸ்கூட்டரின் சைலன்சர் வாய் முங்கியிருந்தால் செல்ஃப் பட்டனைத் தொடவே தொடாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். தள்ளி மேலே கொண்டுவந்து பிளக்கைக் கழற்றி, ஏர் ஃபில்டரைப் பார்த்து, ஆயில் பால் நிறமாக மாறியிருக்கிறதா என்று கவனித்து, அப்புறம்தான் கிக்கர். மெக்கானிக்குக் கொடுக்கும் ஒரு தடவைக் காசு பல மாத பாஸுக்குச் சமம்.

இனி டோக்கன். எங்கள் பார்வையில் இந்தச் சேவை விழுந்துபோவது இங்கேதான். வண்டியின் முன்பக்கம் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் தருகிறார்கள், அவ்வளவே. உள்ளே வரும்போது எண் எழுதுவதில்லை, வெளியே போகும்போது யாரும் பார்ப்பதில்லை. வாட்ச்மேனிடம் கேட்டால், “ஸ்டிக்கர் ஒட்டியிருக்குல்லா மக்கா, பொறவு என்னத்துக்கு டோக்கன்?” என்கிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஆள் கேட்டையும் பார்த்து, வாடிக்கையாளர் காருக்கும் கை காட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியை யார் ஓட்டிப் போனாலும் அது சட்டப்படி வெளியேறுகிற வண்டியாகவே தெரியும். சாதாரண காப்பகத்தில் ஒரே எண் போட்ட இரண்டு துண்டு: ஒன்று ஹேண்டிலில், ஒன்று உங்கள் கையில். இரண்டும் சேர்ந்தால்தான் வண்டி நகரும். பத்துப் பைசா அட்டை செய்கிற வேலையை இந்தப் பளபள ஸ்டிக்கர் செய்யவில்லை.

சுவரில் ‘வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று பலகை. அதைப் பார்த்து மனம் விட்டுவிட வேண்டாம், அது கடைசி வார்த்தை அல்ல. டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில் 1998-இல் ஒரு மாருதி ஜென் கார் திருடு போன வழக்கில், உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. சாவியை வாங்கி டோக்கன் கொடுத்த பிறகு, ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று அச்சடித்திருந்தாலும் தன் கவனக்குறைவுக்கு ஹோட்டல் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். அங்கே சாவியும் டோக்கனும் கைமாறின என்பதை மறக்கக் கூடாது. நீங்களே விட்டு, நீங்களே பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறினால், ‘இடத்தை மட்டும்தான் கொடுத்தோம், வண்டியை நாங்கள் வாங்கவில்லை’ என்று வாதாட நிர்வாகத்துக்கு வழி கிடைக்கிறது. டோக்கன் வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சம்பளத்தில் பிடிப்பது சரியா என்று பலரும் கேட்கிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019, எதையெல்லாம் பிடிக்கலாம் என்று 18-ஆம் பிரிவில் சொல்கிறது. முதலாளி தரும் வசதிக்குப் பிடிக்கலாம். ஆனால் அது அரசோ அரசு குறித்த அதிகாரியோ ஆணை போட்டு அனுமதித்த வசதியாக இருக்க வேண்டும், அந்த வசதியை ஊழியர் ஏற்றிருக்க வேண்டும், பிடிக்கும் தொகை வசதியின் மதிப்பைத் தாண்டக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. இதற்கு முன்பிருந்த 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்திலும் இவை இருந்தன, ஆனால் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு மட்டும். இப்போது அந்த உச்சவரம்பு இல்லை. தவறாகப் பிடித்ததைத் திரும்பக் கேட்கும் கெடுவும் 12 மாதத்திலிருந்து மூன்று ஆண்டாகியிருக்கிறது.

இதில் கடைக்காரர்கள் வசதியாக மறந்துவிடுவது ‘ஏற்றிருக்க வேண்டும்’ என்பதைத்தான். பஸ்ஸில் வருகிற பெண்ணுக்கும் 350 பிடித்திருந்தால் அது கட்டணமே அல்ல. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. காசில்லாமல் வடசேரியில் வந்து இறங்கி நடந்து வருகிறவர், தான் விடாத வண்டிக்கு வாடகை கட்டுவதா? வேண்டாம் என்று ஒரு வரி எழுதித் தேதி போட்டு, கணக்கு எழுதுகிறவரிடம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் அடுத்த மாதச் சம்பளத்துக்குள் மறந்துபோகும். (கடைகளில் நின்றே வேலை பார்ப்பவர்கள் உட்கார நாற்காலி போடச் சொல்வதற்கே 2021-இல் இங்கே சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. ஆகவே ஒரு வரி எழுதக் கூச்சப்பட வேண்டாம்.)

இன்னொன்றும் கேட்கலாம். அடித்தளம் வளாக நிர்வாகத்துடையது, பிடிப்பது உங்கள் கடை. ஒரு வண்டிக்கு வளாக நிர்வாகத்துக்கு உங்கள் கடை எவ்வளவு கட்டுகிறது? பில்லைக் காட்டச் சொன்னால் தப்பில்லை. அதைவிடக் கூடுதலாக உங்களிடம் பிடித்தால், ‘மதிப்பைத் தாண்டக் கூடாது’ என்ற வரி உங்கள் பக்கம் நிற்கும்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் 2012-இலிருந்து 11 அல்லது அதற்கு மேல் பார்க்கிங் இடம் வைத்திருக்கும் முதலாளிகளிடம் மாநகராட்சி வரி வாங்குகிறது. பல முதலாளிகள் அதை ஊழியர் தலையில் இறக்கியதும் உண்டு. ஆனால் அந்தக் காசு டிராம் பாதையை நீட்டிக்கப் போனது, வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வர ஒரு வழி கிடைத்தது. இங்கே ராத்திரி ஒன்பதரைக்குக் கடை அடைத்த பிறகு பூதப்பாண்டி பக்கமோ மணவாளக்குறிச்சி பக்கமோ போக வேண்டியவருக்கு வண்டிதான் பஸ். வேறு வழி இல்லாதவரிடம் வாங்குவதை விருப்பக் கட்டணம் என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை.

ராத்திரி நேரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அடித்தள ஷட்டரை 9.45-க்கு இறக்குகிறார்கள். கல்லா முடித்து, சரக்கு மடித்து, ஊழியர் கீழே வர பத்து தாண்டும். அப்புறம் வாட்ச்மேனைத் தேடி, சாவியைத் தேடி… பாஸ் எடுக்கும் முன் கடைசி ஆள் வெளியேறும் நேரத்தை எழுத்தில் வாங்குங்கள். கடைசி வரிசையில் டியூப்லைட் எரிகிறதா, கேமரா அந்த வரிசையைப் பார்க்கிறதா அல்லது கார்களையே பார்த்துக்கொண்டிருக்கிறதா என்று ஒருநாள் ராத்திரி போய்ப் பாருங்கள். பகலில் பார்த்தால் எல்லாம் நன்றாகவே தெரியும்.

நல்லதையும் சொல்லிவிடலாம். கூரை உண்டு. மேலே திறந்தவெளி காப்பகங்களில் பாதி தென்னை மூட்டில்தான் இருக்கின்றன. மட்டை விழுந்தால் சீட் கிழியும், தேங்காய் விழுந்தால் டேங்க் நசுங்கும். வெயிலில் வெந்து சீட் கவர் வெடிப்பதும் இங்கே இல்லை. ஹெல்மெட் வைக்க இரும்புத் தட்டு அடித்திருக்கிறார்கள், அதற்குத் தனிக் காசு கேட்பதில்லை. எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்குத்தான் ஒரு பிளக் பாயின்ட்கூட இல்லை. சுமார் 3.4 யூனிட் கொள்ளும் பேட்டரியை முழுசாக ஏற்ற, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து நான்கு யூனிட் போகும். சின்ன மீட்டர் ஒன்று வைத்துத் தனியாக வாங்கிக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

கார் பாஸுக்கு 1,200 கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். நகரத்துக்குள் காரை விட அந்தக் காசுக்கு நிழலோடு இடம் கிடைப்பது கஷ்டம், கார் வரிசையில் தண்ணீரும் தங்குவதில்லை. டூ வீலர் பாஸுக்கு இப்போதைய நிலையில் எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. இரண்டு துண்டு டோக்கனும் 10.30 வரை திறந்த ஷட்டரும் வந்தால் அதே 350-க்கு மூன்றரை கொடுக்கத் தயார். வண்டிக்குச் சேதம் வந்து நிர்வாகம் கைவிரித்தால் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட இரண்டு ஆண்டு வரை கெடு, கொடுத்த காசு 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ‘பார்க்கிங்’ என்று அச்சான அந்தச் சம்பளச் சீட்டுதான் நீங்கள் காசு கொடுத்ததற்கு ஆதாரம். அதைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.