மாதிரி நீராவி எஞ்சினைப் பின்னோக்கி ஓட்ட: நழுவும் எக்சென்ட்ரிக்கா, ஸ்டீபன்சன் இணைப்பா?

ஒற்றைச் சிலிண்டரும், நீராவியைப் பிஸ்டனின் இரு பக்கமும் மாறி மாறி விடும் ஸ்லைடு வால்வும் (சறுக்கு வால்வு) கொண்ட என் சிறிய எஞ்சின் ஒரு திசையில் மட்டுமே சுழன்றுகொண்டிருந்தது. அதை இரு திசைகளிலும் ஓடச்செய்யும் வழிகளை எடைபோட்டு, இறுதியில் நழுவும் எக்சென்ட்ரிக்கையே பொருத்தினேன். (எக்சென்ட்ரிக் என்பது ஷாஃப்டில் மையம் விலகி அமர்ந்த வட்டத்தட்டு; அது சுழலும்போது வால்வை முன்னும் பின்னும் நகர்த்தும்.) ஆகவே இந்த அலசல் அதன் பக்கம் சற்றுச் சாய்ந்தே இருக்கும்.

நீராவி நுழையும் குழாயையும் வெளியேறும் குழாயையும் இடம் மாற்றும் திருப்பு வால்வு, சிலிண்டரே அசைந்து நீராவி வழியைத் திறந்து மூடும் ஊசலாடும் சிலிண்டர் எஞ்சின்களுக்குப் போதுமானது. ஸ்லைடு வால்வை அதன் இருக்கையோடு அழுத்தி வைத்திருப்பதோ அதன் முதுகின்மேல் நிற்கும் நீராவிதான். குழாய்களை மாற்றினால் அழுத்தம் அடியிலிருந்து வந்து வால்வைத் தூக்கிவிடும். எனவே அது போட்டியிலேயே இல்லை.

1842இல் ராபர்ட் ஸ்டீபன்சன் நிறுவனத்தில் உருவான இணைப்பு அமைப்பில் எக்சென்ட்ரிக்குகள் இரண்டு. அவற்றின் தண்டுகள் வளைந்த இணைப்பின் இரு முனைகளைப் பற்றியிருக்க, நெம்புகோலால் இணைப்பை ஏற்றி இறக்கித் திசையை மாற்றலாம். நடுப்பகுதிக்கு அருகே நிறுத்தினால் நீராவி சீக்கிரமே தடுக்கப்பட்டு, சிலிண்டருக்குள் விரிந்து வேலை செய்யும். பார்ப்பதற்கும் அதுவே அழகு.

நழுவும் எக்சென்ட்ரிக்கோ ஒன்றே ஒன்று. அதுவும் ஷாஃப்டில் தளர்வாகவே அமர்ந்திருக்கும். பக்கத்தில் ஷாஃப்டோடு இறுக்கப்பட்ட வளையத்திலுள்ள பின் (சிறு முளை) எக்சென்ட்ரிக்கில் வெட்டிய பள்ளத்தின் ஒரு முனையில் முட்டி அதை இழுத்துச் செல்லும்; ஃப்ளைவீலைக் கையால் எதிர்ப்புறம் திருப்பினால் மறுமுனையில் முட்டும். முன்னேற்றக் கோணம் (எக்சென்ட்ரிக் கிராங்கைவிட 90 பாகைக்கு மேல் கூடுதலாக முந்தி நிற்கும் அளவு) 30 பாகை எனில், இரு நிலைகளுக்கும் இடையே எக்சென்ட்ரிக் 120 பாகை நழுவ வேண்டும்; பள்ளத்தை வெட்டும்போது பின்னின் தடிமனையும் இதனோடு சேர்க்க வேண்டும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது தேய்மானமே. வால்வின் மொத்த ஓட்டம் 4 மி.மீ., அதன் லேப் (வால்வு நடுவில் நிற்கும்போது நீராவித் துளையின் விளிம்பைத் தாண்டி மூடும் அளவு) 0.5 மி.மீ. என்று கொள்வோம். ஸ்டீபன்சன் அமைப்பில் எக்சென்ட்ரிக் பட்டை, தண்டின் பின், இணைப்பில் சறுக்கும் கட்டை, வால்வுத் தண்டின் பின் எனக் குறைந்தது நான்கு இடங்கள் தேய்கின்றன. ஒவ்வொன்றிலும் 0.05 மி.மீ. தளர்வு வந்தாலே கூட்டுத்தொகை 0.2 மி.மீ. ஆகி, லேப்பில் ஐந்தில் இரண்டு பங்கை எட்டிவிடும். பெரிய எஞ்சினில் இதே தளர்வை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். மாதிரியின் அளவில் அது வால்வு திறக்கும் நேரத்தையே குலைக்கும். நழுவும் எக்சென்ட்ரிக்கில் தேயும் மூட்டுகள் இரண்டே. பள்ளத்தில் முட்டும் முளை தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

கையால் சுழற்ற வேண்டுமே என்பதுதான் இதன்மீது வழக்கமாக வைக்கப்படும் குறை. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் பிஸ்டனின் இறுதிநிலையில் நின்றுவிட்டால், எந்த அமைப்பைப் பொருத்தியிருந்தாலும் ஃப்ளைவீலைத் தொடாமல் கிளம்பாது. ஆகவே இங்கே அந்தக் குறைக்குப் பெரிய எடையில்லை.

கிராங்குகள் 90 பாகையில் அமைந்த இரட்டைச் சிலிண்டர் எஞ்சினிலும், தொலைவிலிருந்து இயக்கும் படகிலும் கணக்கு மாறும். அங்கே ஸ்டீபன்சனே பொருந்தும் என்று எண்ணுகிறேன், எனினும் அத்தகைய எஞ்சினை நான் நெடுங்காலம் ஓட்டியவன் அல்லன். நழுவும் எக்சென்ட்ரிக்கைத் தேர்ந்தெடுப்பவர்கள், வளையத்தின் திருகு ஷாஃப்டில் குழிவெட்டிய இடத்தில் அமருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்; அது சிறிது நகர்ந்தாலும் எஞ்சின் ஒரு திசையில் நன்றாக ஓடி, மறுதிசையில் நொண்டும்.